அமைதிப் படையும் ஊர்த் தொண்டும்

ஒரகடத்திற்கு அணித்தே உள்ளது மணிமங்கலம். ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கியன் இரண்டாம் புலிகேசியைப் பொருது வென்ற களங்களுள் ஒன்றாகக் கூரம் செப்பேடு இவ்வூரைக் குறிக்கின்றது. காஞ்சிக்கு அண்மையிலுள்ள புள்ளலூரில் பல்லவர் காலத்தில் ஒரு பெரும்போரும், 1780-ஆம் ஆண்டில் ஐதரலியின் படைக்கும் ஆங்கிலேயர் படைக்கும் இடையே மற்றொரு பெரும்போரும் நிகழ்ந்தன. தொண்டை நாட்டு வரலாற்றை எழுதினோர் இப்போர்களை விரிவாகவே எழுதியுள்ளனர். ஆயின், போரைத் தடுக்கவும் போரால் நைந்தாரைத் தாங்கவும் முன்வந்தோர் வரலாறு அத்துணை விரிவாக எழுதப்பெறவில்லை. மன்னர் வெற்றியைப் பொறிக்கச் செப்பேடு இருந்தது. தொண்டர் பணியைப் பொறிப்பார் இலர்.

உலக அமைதிக்கும் துயர்துடைப்பிற்கும் உழைக்கப் புறப்பட்ட தொண்டர் குழுக்கள் இருபதாம் நூற்றாண்டில் பல தோன்றின. அவற்றுட் சில நிலைபெற்றன. சில பெயரளவில் மறைந்தன. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் பொருள்வளமே என்பர் ஒரு சாரார். தலைவரின் ஆற்றலே என்பர் மற்றொரு சாரார். நிகழ்ச்சிகளை நிரல்பட வைத்து நோக்குவார்க்கு இவ்விரண்டினும் முதன்மையான காரணம் ஒன்று புலனாகும். துன்புற்ற ஊரார் அழைத்தனரா, அவ்வூரில் வந்தாரைத் தாங்கும் குழு ஒன்று இருந்ததா என்பதே அது. இதனை இலக்கியச் சான்றும் அண்மை வரலாறும் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

இலக்கியம் காட்டும் இரு நெறிகள்

பண்டைத் தமிழிலக்கியத்தில் அமைதிப்பணி இரு நெறிகளில் நடைபெறக் காண்கிறோம். ஒன்று தூது, மற்றொன்று தொண்டு.

தூது நெறிக்குத் தொண்டை நாடே சான்றாகின்றது. அதியமான் பொருட்டு ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்றதைப் புறநானூறு காட்டுகிறது. நெய் பூசி அணிசெய்து வைக்கப்பெற்ற தொண்டைமானின் படைக்கலங்களையும், போரில் பழகிச் சிதைந்து கொல்லன் உலைக்களத்திற் கிடக்கும் அதியமானின் படைக்கலங்களையும் அவர் ஒப்பிட்டுக் கூறிய நயம் அறிஞர் அறிந்ததே. அத்தூதின் பயன் யாதாயிற்று என்பதைப் பாட்டும் கூறவில்லை; அதன் அடிக்குறிப்பும் கூறவில்லை. நலங்கிள்ளி, நெடுங்கிள்ளி ஆகியோரிடையே நின்று பேசிய கோவூர் கிழாரின் பணியும் இந்நெறியினதே. சான்றோர் ஒருவரின் சொல்வன்மையே இங்குக் கருவி. அவர் நீங்கியபின் அவ்விடத்து எஞ்சுவது அவர் சொல்லொன்றே.

தொண்டு நெறியை மணிமேகலை விளக்குகிறது. அக்காப்பியத்தில் பசிப்பிணி தீர்க்கும் அமுதசுரபி இருவர் கையில் இருவேறு வகையாகப் பயன்படுவதை ஆய்வாளர் ஊன்றி நோக்குதல் வேண்டும். சாவக நாட்டில் மழையின்றி உயிர்கள் மடிவதைக் கப்பலில் வந்தோர் வாயிலாகக் கேட்ட ஆபுத்திரன், கடல் கடந்து உதவப் புறப்பட்டான். வழியில் மணிபல்லவத்தில் கப்பல் தங்கியது. அவன் இறங்கியதை அறியாத வணிகர் அவனை விட்டுச் சென்றனர். ஆளில்லாத் தீவில் அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் கையிலிருந்தும் கொடுப்பதற்கு ஒருவரும் இலராயினர். பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் இட்டு, உண்ணாநோன்பிருந்து அவன் உயிர் நீத்தான். வேற்றுநாட்டார் பசிக்கு இரங்கிக் கடலேறிய ஒருவனின் கதை இவ்வாறு முடிகின்றது. அவனிடம் அருள் இருந்தது, பொருள் இருந்தது, அவன் கப்பலில் இல்லை என்பதைக் கண்டு கூறும் துணைவர் ஒருவர் இல்லை.

மணிமேகலை காஞ்சிக்குச் சென்ற நிகழ்ச்சியோ இதற்கு மறுதலையானது. வற்கடத்தால் வாடிய காஞ்சியில் அவளை வரவேற்க மன்னன் இளங்கிள்ளி இருந்தான். மணிபல்லவத்தை ஒத்த பொழிலும் பொய்கையும் அங்கு முன்னரே அமைக்கப்பெற்றிருந்தன. பாத்திரத்தை வைப்பதற்குப் பீடிகையும் இருந்தது. அவள் அழைப்பைக் கேட்டுப் பதினெண்மொழி பேசுவாரும், காணாரும் கேளாரும் கால் முடப்பட்டாரும் திரண்டு வந்து உண்டனர் என்கிறார் சாத்தனார். பாத்திரம் ஒன்றே, ஆயின் ஏற்பதற்கு ஊர் ஆயத்தமாக இருந்த இடத்தில் அது பயன்பட்டது, ஊரே இல்லாத இடத்தில் அது வீணாயிற்று. ஆசிரியர் இவ்வேறுபாட்டைக் கருதியே இரு நிகழ்ச்சிகளையும் அமைத்தார் எனத் துணிந்து கூற இயலாது. எனினும் தொண்டின் இயல்பை உணர விரும்புவார்க்கு இவ்விரண்டும் நல்ல உரைகல்லாகும்.

ஒரகடத்திற்கு வடகிழக்கேயுள்ள குன்றத்தூரிற் பிறந்த சேக்கிழார், தம் பெருநூலுக்குத் திருத்தொண்டர் புராணம் எனப் பெயரிட்டமையும் ஈண்டு நினையத்தக்கது. அந்நூலுட் பேசப்பெறும் தொண்டர் பலர் தத்தம் ஊரிலேயே தம் தொழிலோடு இயைந்த தொண்டைச் செய்தவர். தண்ணீர்ப் பந்தல் வைத்தவரும், அடியார்க்கு அமுதளித்தவரும், ஆடை வெளுத்துக் கொடுத்தவரும் அவருள் உளர். விடுதலைப் போராட்டக் காலத்தில் நாட்டுப்பணியாளரைக் குறிக்கத் தமிழர் வேறு சொல் தேடாமல் ‘தொண்டர்’ என்னும் இச்சொல்லையே எடுத்துக்கொண்டது இயல்பேயாகும்.

காந்தியடிகளும் வினோபாவும்

படைக்கலமற்ற படையொன்றை உலகப் போர்களின் இடையே நிறுத்தலாம் என்னும் எண்ணம் மேலைநாட்டிலும் தோன்றியது. 1932-ஆம் ஆண்டில் சாங்காயில் சப்பானியர் சீனரைத் தாக்கியபோது, மோட் ராய்டன் என்னும் ஆங்கிலப் பெருமாட்டியும் அவர் நண்பரும் இரு படைக்கும் இடையே நிற்பதற்குத் தொண்டரை அனுப்ப வேண்டுமென அக்கால உலக நாடுகளின் சங்கத்தை வேண்டினர். பெயர் பதிந்துகொண்டோர் நூற்றுக்கணக்கினர். எனினும் குழு புறப்படுமுன்னரே சண்டை ஓய்ந்தது. சாங்காய் மக்களுள் அவரை எதிர்நோக்கியிருந்தார் எவரும் இலர் என்பதும் கருதத்தக்கது.

காந்தியடிகள் இவ்வெண்ணத்தை வேறு வகையாக அணுகினார். 1938-ஆம் ஆண்டில் ‘அரிசன்’ இதழில் அமைதிப் படையினரின் தகுதிகளை அவர் வகுத்துரைத்தார். தொண்டர் தாம் வாழும் பகுதி மக்களோடு முன்னரே பழகியிருத்தல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. கலகம் எழுந்தபின் வந்து சேரும் அயலாரின் சொல்லை எவரும் கேளார் என்பதை அவர் பட்டறிவால் அறிந்திருந்தார். 1948 பிப்ரவரியில் சேவாகிராமத்தில் ஊழியர் கூட்டம் ஒன்றைக் கூட்ட அவர் எண்ணியிருக்க, சனவரி 30-ஆம் நாள் அவர் கொல்லப்பெற்றார்.

அப்பணியை வினோபா பாவே தொடர்ந்தார். பூதான நடைப்பயணமாக 1956-ஆம் ஆண்டில் தமிழகம் புகுந்த அவர் முன்னிலையில், அவ்வாண்டின் சர்வோதய மாநாடு காஞ்சிபுரத்தில் நடைபெற்றது. தமிழகத்திலிருந்து கேரளம் சென்ற வினோபா 1957-ஆம் ஆண்டில் அங்குச் சாந்தி சேனையைத் தொடங்கினார். கேளப்பன் முதலியோர் அதன் முதல் உறுப்பினராயினர். ஐயாயிரம் மக்களுக்கு ஒருவர் என்னும் கணக்கில் நாடு முழுமைக்கும் 70,000 தொண்டர் வேண்டும் என்று வினோபா கருதினார். கலகமில்லாத நாளில் அவர் ஊர்த் தொண்டு செய்வர். கலகம் நேர்ந்த நாளில் உயிரைப் பொருட்படுத்தாது இடைநிற்பர். பின்னதற்குரிய தகுதி முன்னதனால் வருவது என்பதே வினோபாவின் கொள்கை.

தொண்டரைத் தாங்குவதற்கு அவர் கண்ட வழி நம் ஆய்விற்கு மிக இன்றியமையாதது. வீடுதோறும் ஒரு கலம் வைத்து, அதில் அவ்வீட்டுக் குழந்தை நாள்தோறும் ஒரு பிடி தானியம் இடுதல் வேண்டும் என்றார். சர்வோதய பாத்திரம் என அது பெயர்பெற்றது. தமிழ்நாட்டுப் பெண்டிர் உலையிடுமுன் ஒரு பிடி அரிசியை அறத்திற்கென எடுத்து வைக்கும் பிடியரிசி வழக்கத்தோடு இது முற்றும் ஒத்தது. இக்கலத்தின் பயன் உணவு மட்டுமன்று. எவ்வீட்டார் அரிசி இட்டனரோ அவ்வீட்டார் அத்தொண்டரைத் தமக்குரியவராக ஏற்றனர் என்பது பொருள். எனவே ஒவ்வொரு பிடியும் ஓர் ஒப்புதலாகும். கலம் காலியாக இருப்பின் தொண்டர்க்கு அவ்வூரில் இடமில்லை. அருளாளர் ஒருவர் கையிலிருந்த அமுதசுரபி, இவ்வகையால் ஊரார் அனைவர் கைக்கும் மாறியது எனலாம்.

தூது நெறியும் இக்காலத்தில் வழக்கொழிந்துவிடவில்லை. அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துமாறு வேண்ட, காந்தி அமைதி நிறுவனத்தின் சார்பில் மூதறிஞர் இராசாசி, ஆர். ஆர். திவாகர், பி. சிவராவ் ஆகியோருடன் 1962-ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்று குடியரசுத் தலைவர் கென்னடியைக் கண்டார். அடுத்த ஆண்டிலேயே சோதனைகளை ஓரளவு தடைசெய்யும் உடன்படிக்கை ஏற்பட்டது. அதற்குக் காரணங்கள் பலவாதலின் இத்தூதின் பங்கை அளந்து கூறுதல் அரிது.

காந்திகிராம மாநாடும் கடல் கடந்த முயற்சிகளும்

திண்டுக்கல்லை அடுத்த சின்னாளப்பட்டியின் அருகே, டாக்டர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் 1947-இல் நிறுவிய காந்திகிராமம் இவ்வரலாற்றில் சிறப்பிடம் பெறுகிறது. 1921-ஆம் ஆண்டில் ஆலந்து நாட்டில் தோன்றிய போர் எதிர்ப்பாளர் பன்னாட்டு அமைப்பு, ஐரோப்பாவிற்கு வெளியே தன் முதல் பொதுமாநாட்டை 1960 திசம்பரில் இக்காந்திகிராமத்திலேயே கூட்டியது. பல நாட்டு அமைதிப் பணியாளர் தமிழகச் சிற்றூர்ச் சூழலில் தங்கி, சாந்தி சேனையை நேரிற் கண்டு, அதனை உலக அளவில் விரித்தல் கூடுமா என ஆராய்ந்தனர். கிராமியக் கல்வி நிலையத்தில் மாணவர்க்கு அமைதிப் படைப் பயிற்சியையும் கல்வியின் ஒரு கூறாக்கியவர் இராமச்சந்திரன். ஆதலின் வந்தோர் கண்டது வெறுங்கொள்கையன்று.

அம்மாநாட்டின் விளைவாக, 1962 சனவரி முதல் நாள், இலெபனான் நாட்டின் புரும்மானா என்னும் ஊரில் உலக அமைதிப் படை அமைக்கப்பெற்றது. செயப்பிரகாச நாராயணர், அமெரிக்கரான ஏ. ஜே. மஸ்டி, ஆங்கிலப் பாதிரியார் மைக்கேல் ஸ்காட் ஆகிய மூவரும் அதன் தலைவராயினர். ஆப்பிரிக்காவின் தாருசலாமில் அது ஒரு நடுவத்தை நிறுவி, வட ரொடீசியாவின் விடுதலைக்குத் துணையாக எல்லை தாண்டும் நடைப்பயணம் ஒன்றைத் திட்டமிட்டது. கென்னத் கவுண்டாவின் கட்சி இம்முயற்சியை விரும்பியேற்றது. தேர்தலுக்கு வழி பிறந்தமையால் பயணம் வேண்டப்படாதாயிற்று. நடக்காத பயணமேயாயினும், அந்நாட்டாரின் கூட்டுறவோடு எண்ணப்பெற்றது என்பதால் இதனைத் தோல்வி என்றல் பொருந்தாது.

தில்லியிலிருந்து பீகிங்கை நோக்கி 1963 மார்ச்சு முதல் நாள் புறப்பட்ட நட்புப் பயணம் இதனின் வேறுபட்டது. சங்கரராவ் தேவ் தலைமையில் இந்தியரும் பிறநாட்டாரும் அதில் நடந்தனர். சீனப் போர் முடிந்து சில திங்களே ஆகியிருந்த காலம் அது. பயணத்தினர் பகைவர்க்கு உதவுவோர் என இந்தியாவில் பலர் ஐயுற்றனர். சீன அரசும் அவர்தம் நோக்கத்தை ஐயுற்று, எல்லைக்குள் விட மறுத்தது. அசாம் வரை சென்று 1964-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பயணம் நின்றது. நடந்தவர் ஊக்கத்திற் குறைந்தவரல்லர். எனினும் எல்லையின் இருபுறத்தும் அவரை அழைத்தார் இலர். ஆபுத்திரனின் மணிபல்லவம் போன்றதொரு நிலை அவர்க்கு நேர்ந்தது.

நாகர் நாடும் கோத்தகிரியும்

இதே காலப்பகுதியில் நாகாலாந்தில் நிகழ்ந்தது வேறு. அங்குள்ள பாப்திசுத் திருச்சபையார் 1964-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஓகாவில் கூடி, அமைதிக்குழு ஒன்று வரவேண்டுமெனத் தாமே தீர்மானித்தனர். அவ்வழைப்பின்படி செயப்பிரகாசரும், மைக்கேல் ஸ்காட்டும், அசாம் முதலமைச்சர் சாலிகாவும் குழுவாயினர். அவ்வாண்டு செப்டம்பர் 6-ஆம் நாள் போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்தது. முன்னர்க் கூறிய உலக அமைதிப் படையின் தலைவர் மூவருள் இருவர் இங்கும் இருந்தமை காண்க. தலைவரின் ஆற்றலே காரணமாயின், பீகிங்குப் பயணமும் இதுவும் ஒரே பயனைத் தந்திருத்தல் வேண்டும். தரவில்லை, வேறுபாடு அழைப்பில் இருந்தது.

போர்நிறுத்தத்தைக் கண்காணித்தோருள் மார்சரி சைக்சு அம்மையாரைத் தமிழர் மறத்தல் கூடாது. 1928-ஆம் ஆண்டில் சென்னை வேப்பேரிப் பெண்டிங்கு பள்ளிக்கு ஆசிரியையாக வந்த அவர், தமிழ் கற்று, இந்தியக் குடியுரிமையும் பெற்றார். நீலகிரியில் கோத்தகிரியில் வாழ்ந்து அமைதித் தொண்டர்க்குப் பயிற்சியளித்தார். பின்னர் நாகர் மலைகளில் ஊர் ஊராகச் சென்று, இரு தரப்பாரின் முறையீடுகளையும் கேட்கும் பணியில் ஈடுபட்டார். அரசியல் தீர்வு அப்போது கிட்டவில்லை, பேச்சு முறிந்தது. எனினும் சிற்றூர் மக்கள் அச்சம் குறைந்து தம் விளைநிலத்திற்குச் செல்லும் காலம் ஒன்று வாய்த்தது. தொண்டின் பயனை உடன்படிக்கையால் மட்டும் அளத்தல் தகாது.

ஈழமும் திருப்பெரும்பூதூரும்

‘அமைதிப் படை’ என்னும் தொடர் இன்று தமிழர் செவியில் வினோபாவின் தொண்டரை நினைவூட்டுவதில்லை. 1987-ஆம் ஆண்டின் இந்திய–இலங்கை உடன்படிக்கையின்படி ஈழத்திற்குச் சென்று, 1990 மார்ச்சில் மீண்ட இந்திய அமைதி காக்கும் படையையே நினைவூட்டுகின்றது. இத்தொடரின் பொருள்மாற்றம் ஒரு துன்பியல் வரலாறாகும். அமைதி காக்கச் சென்ற படை சில திங்களில் போர் செய்யும் படையாயிற்று. படைவீரருள் ஆயிரத்திற்கு மேற்பட்டோர் மடிந்தனர். தமிழ்க் குடிமக்களும் பலர் உயிரிழந்தனர். அப்பகையின் தீ கடல் கடந்து தொண்டை நாட்டையும் தீண்டியது. 1991 மே 21-ஆம் நாள் முன்னாள் தலைமை அமைச்சர் இராசீவ் காந்தி, அவரோடு இருந்த பலருடன், திருப்பெரும்பூதூரில் கொல்லப்பெற்றார்.

படைக்கலம் ஏந்தியோர் அனைவரும் இவ்வாறே முடிவர் எனக் கூறுதல் பிழையாகும். கொரியப் போர்க் கைதிகளைக் காக்க 1953-இல் சென்ற இந்தியக் காவற்படை, இரு தரப்பாரும் ஒப்பிய விதிகளின்படி தன் கடமையை முடித்து 1954-இல் மீண்டது. எந்நாட்டிற்கும் திரும்ப விரும்பாத கைதிகள் 88 பேர் அப்படையுடன் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கினர். அங்கு இரு தரப்பின் ஒப்புதல் இருந்தது. ஈழத்திலோ இரு அரசுகள் ஒப்பின. எவர் மண்ணில் படை இறங்கியதோ அவர் அவ்வுடன்படிக்கையில் ஒரு தரப்பாக ஒப்பமிடவில்லை.

அதே ஈழத்தில் படைக்கலமின்றிச் சென்ற சிறு குழுக்களும் உள. நாராயண தேசாய் உள்ளிட்டோர் முயற்சியால் 1981-ஆம் ஆண்டில் கனடாவில் பன்னாட்டு அமைதிக் குழு தோன்றியது. அச்சுறுத்தலுக்கு ஆளான இலங்கை வழக்கறிஞரின் வேண்டுகோளை ஏற்று, 1989 முதல் 1998 வரை அது அங்குப் பணியாற்றியது. அச்சுறுத்தப்பட்டாருடன் ஓர் அயல்நாட்டுத் தொண்டர் உடன் நடத்தல், உடன் இருத்தல் என்பதே அதன் பணி. 2002-இல் தில்லியை அடுத்த சூரச்குண்டில் கூடித் தோன்றிய வன்முறையற்ற அமைதிப் படை, 2003-இல் இலங்கையிலேயே தன் முதற் பணியைத் தொடங்கியது. உள்ளூர்த் தேர்தற் கண்காணிப்பாளர் அழைத்தமையால் அது சென்றது. இக்குழுக்களால் 2009-ஆம் ஆண்டின் பேரழிவைத் தடுக்க இயலவில்லை என்பதை மறைத்தல் ஆகாது. தனிமனிதர் சிலரின் உயிரையும், சிற்றூர் சிலவற்றின் அமைதியையும் காப்பதே அவற்றால் இயன்றது. எனினும் படைக்கலமற்ற காப்பு முறைகளுக்கு முதலிடம் தரவேண்டும் என, ஐக்கிய நாடுகள் அவையின் அமைதிப் பணிகளை ஆராய்ந்த உயர்நிலைக் குழு 2015-இல் பரிந்துரைத்தமைக்கு இத்தகைய சிறு முயற்சிகளே அடிப்படை.

தமிழகக் கரையிலும் ஒரு குழு தோன்றியது. 1983 கலவரத்தின்பின் வந்த ஏதிலியர்க்கென, தந்தை செல்வாவின் மைந்தர் சந்திரகாசன் முதலியோர் 1984-இல் சென்னையில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தை நிறுவினர். ஏதிலியருள் கற்றோரே முகாம்களில் ஆசிரியராகவும் நலப்பணியாளராகவும் பயிற்றப்பெற்றனர். 2004 திசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை தமிழகக் கரையைத் தாக்கியபோது அத்தொண்டர் தமிழக மக்களுக்கு உதவச் சென்றனர். ஏற்றவர் ஈந்தவராக மாறிய இந்நிகழ்ச்சி, தொண்டு ஒருவழிப் பாதையன்று என்பதை நன்கு காட்டுகிறது.

ஒரு தடையும் விடையும்

ஊர்க்குழுவே அடிப்படையாயின், ஊரின் பகையிலும் அக்குழு பங்குகொள்ளுமன்றோ எனத் தடை எழலாம். தக்க தடையே. சாதிப் பூசலில் ஊராரே ஒரு தரப்பாதலை நாம் அறிவோம். சாந்தி சேனையும் 1974–75-ஆம் ஆண்டுகளில் செயப்பிரகாசர் வழி நிற்போர், வினோபா வழி நிற்போர் எனப் பிளவுபட்டுத் தளர்ந்தது. எனவே ஊர்த்துணை ஒன்றே போதும் என்பது நம் கருத்தன்று. பகையில் பங்கில்லாமை அயலாரின் வலிமை. மக்களை அறிந்திருத்தல் ஊராரின் வலிமை. அயலார் தனித்துச் செல்லின் ஆபுத்திரனாவர். ஊரார் தனித்து நிற்பின் தம் பகையினின்று மீளார். இரண்டும் கூடிய இடத்திலேயே பணி நடந்தது என்பதை நாகாலாந்தும் இலங்கை வழக்கறிஞர் செய்தியும் உறுதிசெய்கின்றன.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படும். துன்புற்றாரின் அழைப்பு முதலாவது. வந்தாரைத் தாங்கும் ஊர்க்குழு இரண்டாவது. கலகமில்லாத நாளிலும் நீங்காது செய்யும் தொண்டு மூன்றாவது. இம்மூன்றுள் ஒன்று குறையினும் அமைதிப் படை பெயரளவிலேயே நிற்கும்.

மணிமங்கலத்தைச் சூழ்ந்த நாடு இன்று தொழிற்சாலைகளின் நாடாகிவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் கொரிய நிறுவனமும், ஒரகடத்தில் 2010-இல் பிரெஞ்சு, சப்பானிய நிறுவனங்களின் கூட்டு முயற்சியும் மகிழுந்து உற்பத்தியைத் தொடங்கின. பல மாநிலத் தொழிலாளரும் பல நாட்டுப் பொறியாளரும் இங்கு வாழ்கின்றனர். சாத்தனார் காஞ்சியில் கண்ட பதினெண்மொழி மக்கள் கூட்டம் மீண்டும் தொண்டை நாட்டில் கூடியுள்ளது. உலகம் நம் ஊருக்கே வந்துவிட்ட காலத்தில், ஊர்த் தொண்டு வேறு, உலகத் தொண்டு வேறு எனப் பிரித்தல் முன்னினும் அரிதாகும். நோயுற்ற அயல்மாநிலத் தொழிலாளிக்கு மருத்துவமனையில் மொழிபெயர்த்து உதவும் இளைஞர், வினோபா வேண்டிய தொண்டருள் ஒருவரேயாவர்.

முதுகலை மாணவர்க்கு இத்துறையில் பணி மிகுதியாக உண்டு. சர்வோதயக் குழுக்களின் கூட்டக் குறிப்புகளும், பிடியரிசிக் கணக்கேடுகளும், நடைப்பயணத்தினர் எழுதிய கடிதங்களும் எங்கேனும் எஞ்சியிருப்பின், அவை செல்லரிக்குமுன் தொகுக்கப்பெறுதல் வேண்டும். அவற்றிற் பங்கேற்ற முதியோரின் சொல்லும் எழுத்தில் பதிவுபெறுதல் வேண்டும். மணிமங்கலப் போரைக் கூறச் செப்பேடு ஒன்று கிடைத்தது. பிடியரிசி இட்ட வீடுகளின் பெயரைக் கூற ஓர் ஓலையேனும், ஒரு பழைய கணக்கேடேனும் கிடைக்குமாயின், தொண்டை நாட்டு வரலாற்றின் எழுதப்பெறாத பகுதி எழுதப்பெறும்.